இரட்டைக்கோல் நடை: விருத்தாசலத்திலிருந்து வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு

விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கடல் தூரமில்லை. பழமலைநாதர் கோயிலருகே ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. அந்த வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரியைத் தொட்டு, பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் நம் ஊர்ப் பாலத்தடியில் போகிற தண்ணீர்தான் அங்கே உப்புநீரோடு சேர்கிறது. சாலை வழியே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். விடியுமுன் வேனில் கிளம்பினால் சூரியன் எழும்போது முகத்துவாரத்தில் நிற்கலாம்.

இரட்டைக்கோல் நடையைக் குழுவாகப் பழக விரும்புகிறவர்களுக்கு, நம் ஊரிலிருந்து ஒரே காலையில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏற்ற இறக்கம் கிடையாது. தார், மணல், களி என்று மூன்று வகைத் தரையும் அடுத்தடுத்துக் காலில் படும். கோலை எங்கே எப்படி ஊன்றுவது என்பதை அந்தத் தரையே கற்றுக்கொடுத்துவிடும்.

ஊன்றுவதற்கல்ல, உந்துவதற்கு

நார்டிக் நடை என்று உலகம் முழுக்க வழங்கும் இந்த இரட்டைக்கோல் நடை பின்லாந்தில் பிறந்தது. பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையிலும் உடம்பு தளராமலிருக்கக் கோல்களோடு நடந்தும் ஓடியும் பயிற்சி செய்தார்கள். பிறகு உடற்பயிற்சி ஆசிரியர்கள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். 1997இல் மார்கோ கந்தனேவா அதன் முறைகளை வகுத்து எழுதினார். அதே காலத்தில் இந்த நடைக்கென்றே தனிக்கோல்கள் விற்பனைக்கு வந்தன. 2000இல் பன்னாட்டுச் சங்கமும் அமைந்தது. இன்று ஐரோப்பியப் பூங்காக்களில் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கூட்டமாக இப்படி நடப்பது அன்றாடக் காட்சி.

நம் ஊரில் குழு சேர்க்கிறவர் முதலில் சந்திக்கும் தடை வெட்கம். 'கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு எனக்கு வயசாயிடுச்சா?' என்று ஐம்பது வயதுக்காரர் கேட்பார். அவருக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான். ஊன்றுகோல் உடம்பின் பாரத்தைத் தாங்குவது, அதை முன்னால் வைப்போம். நார்டிக் கோலோ உடம்பை முன்னே தள்ளுவது. அதன் நுனி எப்போதும் நமக்குப் பின்பக்கமாகச் சாய்ந்தே மண்ணைத் தொடும். கையும் தோளும் முதுகும் சேர்ந்து உழைப்பதால், அதே வேகத்தில் வெறுங்கையோடு நடப்பதைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அவ்வளவு உழைத்தும் களைப்பு பெரிதாகத் தெரியாது.

முழங்காலின் பாரம் பாதியாகக் குறையும் என்பதுபோன்ற விளம்பரங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். சமதரையில் அது அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. தடுமாற்றம் குறைவது உறுதி. நிலைகுலைந்து விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் நடையையே விட்டவர்களுக்கு அதுவே பெரிய காரியம்.

நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களைக் குழுவில் சேர்க்கும்படி தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவர், அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பைச் சீவுகிறவர், அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுகிறவர் என்று எல்லோருமே நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறவர்கள். கழுத்தும் தோளும் முன்னோக்கி வளைந்து இறுகிப்போகும். கையை இடுப்புக்குப் பின்னால்வரை தள்ளி விடுகிற இந்த நடை, அந்த வளைவுக்கு நேர் எதிரான அசைவு. பாய்லர், சூளை, சுமை என்று உழைக்கிறவர்களுக்கு இன்னும் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே தசைகளை நாளெல்லாம் வாட்டுவது உழைப்பு. உடம்பு முழுவதையும் மாற்றி மாற்றி அசைப்பது பயிற்சி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கோல், காலணி, உடை

கோலின் உயரத்துக்கு எளிய கணக்கு: உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.68ஆல் பெருக்குங்கள். 150 செ.மீ. உயரமானவருக்கு 102, 160க்கு 109, 170க்கு 116 வரும். கடையில் 5 செ.மீ. இடைவெளியில்தான் கிடைக்கும் என்றால், புதிதாகப் பழகுகிறவர் குறைந்த அளவையே எடுக்கட்டும். கோலை நேராக நிறுத்திப் பிடித்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். நீட்டிக் குறைக்கும் கோல் வாங்கினால் ஒரே ஜோடியைக் குழுவில் பலர் மாற்றிப் பயன்படுத்தலாம். மலையேற்றக் கோல்கள் எளிதில் கிடைக்கும், தொடக்கத்துக்கு அவையும் போதும். ஆனால் அவற்றின் பட்டை வெறும் வளையம்தான். நார்டிக் கோலின் பட்டை கையுறைபோல உள்ளங்கையைச் சுற்றிக்கொள்வதால், பிடியை விட்டபிறகும் கோல் கையோடு வரும். அந்த நடையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பணம் தடையாக இருந்தால் மெல்லிய, நேரான, நன்கு காய்ந்த மூங்கிலை அளவாக வெட்டி, மேலே அகலமான பருத்தி நாடா கட்டி, அடியில் மருந்துக்கடையில் விற்கும் ஊன்றுகோல் ரப்பரை மாட்டிக்கொள்ளலாம். தாளம் பழக அது போதும். கணு வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், மூங்கிலின் மீது முழுப்பாரத்தையும் போடக்கூடாது. தார்ச்சாலையில் ரப்பர் மூடி இருக்கட்டும். மணலில் அதைக் கழற்றிவிட்டு இரும்பு நுனியால் ஊன்ற வேண்டும். நுனிக்கு மேலே ஒரு சிறு வட்டத்தட்டு இருந்தால் மணலில் புதையாது.

செருப்போடு யாரும் வரவேண்டாம். விரல் மூடிய, அடிப்பாகம் வளைகிற ஷூவும் பருத்திக் காலுறையும் போதும். கரையோரக் களியில் உடைந்த ஆளிச் சிப்பிகள் கத்திபோல் கிடக்கும். சர்க்கரை நோயாளிகள் நடைக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். சேலையில் நடக்க விரும்பும் பெண்களைத் தடுக்க வேண்டியதில்லை. கணுக்கால் தெரியும்படி கொசுவத்தை உயர்த்திச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றிக்கொண்டால் கோல் சிக்காது. சுடிதாரில் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிவிடுங்கள்.

ஊரிலேயே பழகுவது

முகத்துவாரத்தில் போய்த்தான் முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி மைதானம் போன்ற ஒரு திறந்தவெளியில், அனுமதி வாங்கி, சில காலைகள் பழகிவிட்டுப் போங்கள். தண்ணீர் இல்லாத நாட்களில் மணிமுத்தாற்று மணலே நல்ல பயிற்சிக்களம்.

முதல் வகுப்பில் கோலைப் பிடிக்கவே விடாதீர்கள். பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, கோல்கள் பின்னால் இழுபட நடக்கச் சொல்லுங்கள். யாருக்கும் நடை சொல்லித்தர வேண்டியதில்லை. வலது கால் முன்னே போகும்போது இடது கை தானாக முன்னே போகும். அந்த இயல்பைக் கெடுக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் கோலின் நுனி மண்ணைப் பற்றுவது கைக்குத் தெரியும். அப்போதுதான் 'அழுத்துங்கள்' என்று சொல்ல வேண்டும். அழுத்தம் பட்டையின் வழியாகப் போகட்டும். கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனதும் விரல்கள் திறக்க வேண்டும், முன்னே வரும்போது மெல்ல மூட வேண்டும்.

பிழைகள் பெரும்பாலும் நான்கு இடங்களில் வரும். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து போவது முதலாவது. யோசித்து நடக்கிறவர்களுக்குத்தான் இது வரும், பேச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும். பாதத்துக்கு முன்னால் கோலைக் குத்துவது இரண்டாவது. பிடியை நெரிப்பது மூன்றாவது. மறுநாள் முன்கை வலிக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது நான்காவது. கண் பத்தடி தள்ளியே இருக்கட்டும். சிலம்பம் ஆடிய கைகள் குழுவில் இருந்தால், கோலைச் சுழற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே அன்போடு சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு ஆபத்து.

நாள் பார்ப்பது

தை, மாசி இரண்டும் சிறந்த மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு. கடலூர் மாவட்டக் கரைக்கு அது புதிதல்ல. பங்குனிக்குப் பிறகு காலை எட்டு மணிக்கே மணல் சுடும்.

நாளை முடிவு செய்ய ஓதத்தைப் பார்க்க வேண்டும். கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. அட்டமியை ஒட்டிய நாட்களில் சிறிது. இந்தக் கரையில் நீர்மட்ட வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் மேடே இல்லாத கழிக்கரையில் அந்த ஒரு மீட்டர் போதும், காலையில் நடந்த மணல்திட்டு திரும்பும்போது தண்ணீருக்குள் இருக்கும். ஆகவே புதுக்குழுவுக்கு அட்டமியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். தினசரிக் காலண்டரே போதும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் கொந்தளிப்பு, உயர் அலை எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. முதல்நாள் மாலை அதையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

மாசி மகத்தன்று இந்தப் பயணம் வேண்டாம். நம் ஊரிலேயே மணிமுத்தாற்றங்கரை நிறைந்திருக்கும். முகத்துவாரத்தின் தென்கரையிலோ ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. வழியில் கிள்ளைத் தைக்காலில் இஸ்லாமியர்கள் சுவாமிக்கு வரவேற்பளித்து மரியாதை செய்வது தலைமுறைகளாக நடந்துவருகிறது. குழுவாகக் கழிமுகத்துக்கு நடந்து போவது இந்தப் பகுதிக்குப் பின்லாந்திலிருந்து வந்த வழக்கமல்ல என்பதற்கு அந்த ஊர்வலமே சாட்சி. அன்று கோல்களை வீட்டில் வைத்துவிட்டு ஊர்வலத்தோடு நடங்கள்.

பாதை

சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வாருங்கள். ரயிலில் வர விரும்புகிறவர்கள் கடலூர் போய் மாற வேண்டும். அந்த வழியில் விடியலுக்குள் வந்துசேர்வது கடினம், ஆகவே வேன்தான் நல்லது. அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் போதும்.

வேனை ஊருக்குள் நிறுத்தாமல், வடகரையில் முகத்துவாரத்தை ஒட்டிய அன்னங்கோயில் மீன் இறங்குதளத்துக்கு நேராகப் போகச் சொல்லுங்கள். பலரும் ஊரிலிருந்து கடலை நோக்கி நடப்பார்கள். நான் அதற்கு மாறாகச் சொல்கிறேன். கிழக்கே நடந்தால் எழும் சூரியன் கண்ணில் குத்தும், தலை தானாகக் குனியும், குனிந்தால் இந்த நடை கெட்டுவிடும். முகத்துவாரத்தில் சூரியோதயம் பார்த்துவிட்டு மேற்கே திரும்பி நடந்தால் வெயில் முதுகில் விழும், ஆறு முழுவதும் கண்முன்னே தெளிவாகத் தெரியும். வேனை மறுமுனையில் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.

இறங்குதளத்தில் அந்நேரம் படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருக்கும். கோல்களைக் கையில் சேர்த்துப் பிடித்து, ஓரமாகக் கடந்துபோங்கள். கரையில் காயும் வலைமீது இரும்பு நுனி பட்டால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் ஓட்டை விழும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். இன்றைய தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதையும் அங்குள்ள மீனவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முகத்துவாரத்து மணல்மேடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடம் மாறும். அதை அவர்களைவிடத் துல்லியமாக எந்த வரைபடமும் சொல்லாது. முகத்துவாரத்தில் யாரும் குளிக்க இறங்கக்கூடாது. வற்றுநீர் கடலை நோக்கி இழுக்கும் வேகம் கரையிலிருந்து பார்க்கும்போது தெரியாது.

அங்கிருந்து கரையை ஒட்டி மேற்கே வந்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் வரும். இந்தக் கழிமுகம் இந்தியாவில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் ஒன்றாக இருப்பதற்கு அந்த மையமே காரணம். முன்அனுமதி பெற்றால் அருங்காட்சியகத்தையும் பார்த்துவரலாம். ஆற்றோரத்தில் அந்த மையத்தின் ஆய்வாளர்கள் நட்டு வளர்த்த அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு விரல் விரலாக நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். அவற்றுக்கிடையே கோலை ஊன்றாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

இரண்டாம் பயணத்தில் தெற்கே பிச்சாவரம் போகலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 1,100 ஹெக்டேர் அளவில் பரந்த அந்தக் காடு 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே தில்லை மரத்தின் கிளையை ஒடிக்க வேண்டாம் என்று குழுவினரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

களித்தரை வரும் இடங்களில் கோலுக்கு இன்னொரு வேலை உண்டு. அடுத்த அடி வைக்குமுன் நுனியால் லேசாகக் குத்திப்பாருங்கள். அழுத்தாமலே ஒரு சாண் இறங்கினால் அங்கே கால் வைக்காதீர்கள். பீங்கான் பட்டறையில் மண் பிசைந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கிறதா என்பதை அவர்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்களையே முன்னால் விடுங்கள். களியில் சிக்கிய காலை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இரண்டு கோலையும் படுக்கைவசமாகச் சேற்றில் வைத்து, அவற்றின்மீது பாரத்தைப் பரப்பி, குதிகாலை மெல்ல அசைத்து எடுக்க வேண்டும்.

ஓய்வுக்கு உட்காரும் இடத்தில் பரங்கிப்பேட்டையின் கதையைச் சொல்ல ஒருவரைத் தயார்செய்து வையுங்கள். போர்த்துகீசியர் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்ட துறைமுகம் இது. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் மோதியது இந்த ஊரருகேதான். 1830களில் ஜோசையா ஹீத் என்பவர் சேலம் இரும்புத் தாதுவை உருக்கும் ஆலையை இங்கே நடத்தினார். நம் ஊர் சூளைகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரை உலைச்சூட்டைக் கண்டிருக்கிறது.

குழுவை நடத்துவது

ஒரு வழிநடத்துநருக்குப் பன்னிரண்டு பேருக்குமேல் வேண்டாம். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் பொறுப்பு. கடைசியில் வருகிறவர்தான் முக்கியமானவர். முதலுதவிப் பை, விசில், தொலைபேசி எல்லாம் அவரிடம் இருக்கட்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக்கூடாது. இருவர் இருவராக நடக்கலாம், முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே இரண்டு கோல் நீளம் இடைவெளி வேண்டும்.

குழுவின் வேகம் என்பது மெதுவாக நடக்கிறவரின் வேகம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேகமாக நடக்கிறவர்கள் முன்னே போய் நின்று ஓய்வெடுப்பார்கள். மெதுவானவர் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும் 'சரி, போகலாமா?' என்று கிளம்புவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு அது கிடைக்காமலே போய்விடும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது பயணத்துக்கு அவர் வரமாட்டார். கடைசி ஆள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடித்த பிறகே ஓய்வு நேரத்தைக் கணக்கிடுங்கள். வேகக்காரர்களை இருப்புக்கொள்ளாமல் விட வேண்டாம், கடைசி வரிசையில் நடந்து பிழை திருத்தும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

வேகம் சரிதானா என்று அறியக் கருவி தேவையில்லை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். பேச்சே தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், இடது கை வலி என்று யாராவது சொன்னால் நடை அங்கேயே முடிந்தது. வேனை வரவழைத்து நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இதயநோய், ரத்த அழுத்தம், மூட்டு அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் பையில் இனிப்பு வைத்திருக்கட்டும்.

முதல் பயணத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர் போதும். நடுவில் ஓய்வோடு ஒன்றரை மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பொதுவில் ஒரு பெரிய கேனில் உப்பிட்ட நீர்மோர். கடற்கரையில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தாகம் தெரியாது, கேட்காவிட்டாலும் கொடுங்கள். இடி முழங்கினால் கோல்களைக் கீழே போட்டுவிட்டு, திறந்தவெளியை விட்டுக் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விடுங்கள். கொண்டுபோன இலை, பாட்டில், காகிதம் எல்லாம் வேனிலேயே திரும்ப வரட்டும்.

வீடு சேர்ந்ததும் கோல்களின் பூட்டைத் திறந்து, துண்டு துண்டாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டுப் பிறகே மாட்டுங்கள். உப்பும் மணலும் உள்ளே தங்கினால் அடுத்த பயணத்துக்குள் பூட்டு இறுகிவிடும். அன்று மாலையே குழுவில் எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிடுங்கள், கடைசியாக வந்து சேர்ந்தவரை முதலில் கூப்பிடுங்கள். அவர் எந்த ஞாயிறு சொல்கிறாரோ, அன்றைய ஓதத்தைப் பார்த்து, அதையே அடுத்த பயண நாளாக வையுங்கள்.